கேளுங்கள், சொல்கிறோம்: உழைக்கிற ஸ்டாண்ட் மிக்ஸர் எது?

வீட்டில் கேக், ரொட்டி செய்பவர்களிடமிருந்து, மேடையில் நின்றபடியே பவுலில் மாவு பிசைந்து க்ரீம் அடிக்கும் ஸ்டாண்ட் மிக்ஸர் பற்றி நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம்.

கேள்வி: ஒரு மெஷினில் 1,400 வாட்ஸ் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. இன்னொன்றில் வெறும் 300 வாட்ஸ். ஆனால் விலை அதிகம் 300 வாட்ஸ் மெஷினுக்குத்தான். இது என்ன கணக்கு?

பதில்: அந்த எண், மெஷின் சுவரிலிருந்து எவ்வளவு மின்சாரம் இழுக்கும் என்பதைச் சொல்கிறது. மாவு பிசையும் கொக்கியான ஹூக்கின் முனைக்கு எவ்வளவு பலம் வந்து சேருகிறது என்பதைச் சொல்லவில்லை. நிறையச் சாப்பிடுகிறவர் எல்லாம் நிறைய வேலை செய்கிறவர் இல்லையே!

உள்ளே இருக்கும் மோட்டார் நிமிடத்துக்குப் பல ஆயிரம் சுற்று சுற்றுகிறது. மாவு பிசையும்போது ஹூக் சுற்றுவதோ நூறு சொச்சம்தான். இடையில் இருக்கும் கியரும் பெல்ட்டும் அந்த வேகத்தைக் குறைத்து முறுக்குவிசையாக மாற்றுகின்றன. ஒரு மெஷின் உழைப்பதும் படுப்பதும் இந்த இடத்தில்தான். கிச்சன்எய்ட் கம்பெனியின் சாய்க்கும் தலை மாடல் (தலைப்பகுதியைப் பின்னால் சாய்த்துத் தூக்கும் ரகம்) 300 வாட்ஸை ஒட்டிய மோட்டாரை வைத்துக்கொண்டே ரொட்டி மாவைச் சமாளிக்கிறது என்றால், மோட்டாரிலிருந்து கியருக்கு நேரடியாகப் பலம் போவதுதான் காரணம். பெல்ட் வைத்த மெஷின்கள் மட்டம் என்று அர்த்தமில்லை. அவற்றில் சத்தம் குறைவு, பெல்ட் தேய்ந்தால் மாற்றுவதும் சுலபம். ஆனால் கெட்டி மாவில் மலிவான பெல்ட் வழுக்கும்.

வாட்ஸை விட்டுவிட்டு மூன்று விஷயங்களைப் பாருங்கள். முதலில் மெஷினைத் தூக்கிப் பாருங்கள். வார்ப்பு உலோக உடல் கொண்ட 5 லிட்டர் மெஷின் சுமார் 10 கிலோ இருக்கும். அதே அளவில் 5, 6 கிலோதான் என்றால் சட்டகம் பிளாஸ்டிக். கெட்டி மாவு இழுக்கும்போது சட்டகம் கொஞ்சம் நெளிந்தாலும் கியர்ப் பற்கள் முழுதாகக் கவ்வாமல் நுனியில் உரசும். தேய்மானம் அங்கே தொடங்கும்.

அடுத்து, மெஷினைக் கவிழ்த்து அடியில் ஒட்டியிருக்கும் தகட்டைப் படியுங்கள். பல மெஷின்களில் ‘கேபி’ (KB) என்ற இரண்டு எழுத்துக்குப் பக்கத்தில் 5 என்றோ 10 என்றோ நிமிடக் கணக்கு இருக்கும். ஜெர்மன் மொழியில் ‘குறுகிய நேர ஓட்டம்’ என்பதன் சுருக்கம் அது. அத்தனை நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து ஓட்டாதே, ஆறவிடு என்று அர்த்தம். விளம்பரத்தில் ரொட்டி படம் போட்டிருந்தாலும் தகட்டில் 5 நிமிடம் என்றிருந்தால், ரொட்டிக்கு அது ஆகாது என்று தயாரித்தவரே ஒப்புக்கொள்கிறார்.

மூன்றாவது, மோட்டாருக்குள் மின்சாரத்தைக் கடத்தும் கார்பன் பிரஷ், கியர், ஹூக் மூன்றும் தனித்தனியாகக் கிடைக்குமா என்று வாங்குவதற்கு முன்பே கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால், வாரண்டி முடிகிற நாள்தான் அந்த மெஷினின் ஆயுள்.

கேள்வி: ‘முழுக்க உலோக கியர்’ என்று சொல்லி விற்ற மெஷினைத் திறந்து பார்த்தால் ஒரு கியர் மட்டும் வேறு பொருளில் இருக்கிறது. ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: கோபப்படுவதற்கு முன்னால் அது எந்த இடத்தில் இருக்கிறது என்று பாருங்கள். மோட்டார் தண்டின் மரையோடு கவ்வும் வார்ம் கியராக இருந்தால், அதை வேண்டுமென்றேதான் பலம் குறைவாக வைத்திருப்பார்கள். மாவு கல்லாகி ஹூக் நின்றுபோனால் ஏதாவது ஒன்று உடைந்தாக வேண்டும். மோட்டார் எரிவதைவிட ஒரு சின்ன கியர் பல் போவது மேல். ஃபியூஸ் மாதிரிதான். விளம்பர வாசகம் பொய்யாக இருக்கலாம், வடிவமைப்பு சரியானதே.

அந்தக் கியர் போய்விட்டால் மோட்டார் ஓடும் சத்தம் கேட்கும், பீட்டர் (கலக்கும் துடுப்பு) சுற்றாது, அல்லது ‘டக் டக்’ என்று விட்டுவிட்டுச் சுற்றும். மாற்றும்போது பழைய கிரீஸை முழுவதும் வழித்து எடுத்துவிடுங்கள். உடைந்த பல்லின் துகள் அதற்குள்தான் ஒளிந்திருக்கும். விட்டுவைத்தால் புதுக் கியரையும் தின்றுவிடும். பிறகு உணவுத் தரக் கிரீஸ், கெட்டித்தன்மை எண் 2, சாய்க்கும் தலை மாடலுக்கு 100 முதல் 150 கிராம் வரை போடலாம். ஸ்பிரே எண்ணெய் அடிக்கவே கூடாது. அது இருக்கிற கிரீஸையும் கரைத்துக் கீழே இறக்கிவிடும்.

மாறாக, மலிவான மெஷினில் பீட்டரைச் சுற்றும் கடைசி கியரே பிளாஸ்டிக் என்றால் அது ஃபியூஸ் இல்லை, சிக்கனம்.

கேள்வி: எத்தனை லிட்டர் பவுல் வாங்குவது? பெரிதாக வாங்கிவிட்டால் எதற்கும் உதவும்தானே?

பதில்: உதவாது. 7 லிட்டர் பவுலில் 250 கிராம் மாவைப் போட்டால் மாவு ஹூக்கில் உருண்டையாக ஒட்டிக்கொண்டு ராட்டினம் ஆடும், பிசையப்படாது. இரண்டு முட்டை வெள்ளைக்கருவை ஊற்றினால் விஸ்க் (நுரைக்க அடிக்கும் கம்பிக் கூடு) அதன் மேல்பரப்பைத் தடவிக்கொண்டு போகும், நுரைக்காது. ‘மெஷின் சரியில்லை’ என்று வரும் புகார்கள் சில இந்த ரகம்.

4.5 முதல் 5 லிட்டர் வரையிலான பவுலுக்கு 500, 600 கிராம் மாவு நிம்மதியான அளவு. கையேட்டில் இதைவிட அதிகம் போட்டிருப்பார்கள். அது பெரும்பாலும் மைதாவில் பிசைந்த இளக்கமான மாவுக்கு, முழுக்கோதுமைக்கு அல்ல. 7 லிட்டருக்கு 1 கிலோ வரை போகலாம். வாரத்தில் எந்த அளவு மாவை அதிகத் தடவை பிசைகிறீர்களோ அதற்கு வாங்குங்கள். வருஷத்தில் ஒருநாள் வரும் பெரிய விருந்துக்கு இரண்டு ஈடாகப் பிசைந்துகொள்ளலாம்.

கேள்வி: தலை சாய்வது நல்லதா, பவுல் மேலே ஏறுவது நல்லதா?

பதில்: கேக்கும் க்ரீமும்தான் அதிகம் என்றால் தலை சாய்வது வசதி. பவுலை வழிக்கவும் பீட்டரை மாற்றவும் கை தாராளமாகப் போகும். ரொட்டி அதிகம் என்றால் பவுல் ஏறும் ரகம். அதில் தலை அசையாமல் ஒரே வார்ப்பாக நிற்கிறது; சாய்க்கும் ரகத்தில் மொத்த இழுவையும் ஒரு கீல் பின்னில் விழுகிறது. அந்தப் பின் தளர்ந்தால் தலை ‘தொம் தொம்’ என்று குதிக்கும். பயப்பட வேண்டாம்: பிளக்கைப் பிடுங்கி, பின்னைப் பக்கத்தில் தள்ளிச் சமன் செய்து, அதைப் பிடித்திருக்கும் சின்ன திருகை இறுக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும். சமையல் மேடைக்கு மேலே அலமாரி இருந்தால், தலையைத் தூக்கிய நிலையில் மெஷினின் உயரத்தை அளந்துவிட்டு வாங்குங்கள்.

கேள்வி: 4.8 லிட்டர் சாய்க்கும் தலை மிக்ஸர் வைத்திருக்கிறேன். 800 கிராம் முழுக்கோதுமை மாவு, 440 மில்லி தண்ணீர் ஊற்றி, நாலாம் வேகத்தில் கால் மணி நேரம் பிசைகிறேன். மெஷின் மேடையில் நகர்கிறது, கருகிய வாடையும் வருகிறது. வாங்கி எட்டு மாதம்தான் ஆகிறது. வேறு மெஷின் மாற்றலாமா?

பதில்: மெஷினை மாற்றுவதற்கு முன் தண்ணீரை மாற்றிப் பாருங்கள். 800-க்கு 440 என்றால் 55 சதவீதம். மைதாவிலேயே அது கெட்டி மாவு. முழுக்கோதுமையில் தவிடு வேறு தண்ணீரைக் குடிப்பதால், நீங்கள் பிசைந்துகொண்டிருப்பது களிமண். முழுக்கோதுமை ரொட்டிக்கு 70 முதல் 75 சதவீதம் வேண்டும். 72 என்று வைத்தால் 576 மில்லி.

ஆனால் அத்தனையும் சேர்ந்தால் மாவு 1,370 கிராமைத் தாண்டும். உங்கள் மெஷினுக்கு அது பாரம். 500 கிராம் மாவு, 360 மில்லி தண்ணீர் என்று ஓர் ஈடு எடுத்துக்கொள்ளுங்கள். பவுலில் முதலில் தண்ணீர், அப்புறம் மாவு, 5 கிராம் இன்ஸ்டன்ட் ஈஸ்ட். மாவு முதலில் போனால் அடியில் காய்ந்த அடை ஒட்டிக்கொண்டு ஹூக்கை நெட்டும். ஒன்றாம் வேகத்தில் 2 நிமிடம், உலர் மாவு தெரியாத அளவுக்கு மட்டும். பிறகு மூடி 25 நிமிடம் சும்மா விடுங்கள். மெஷினுடைய வேலையில் பாதியை இந்த ஓய்வே செய்துவிடுகிறது: தவிடு ஊறுகிறது, பசையம் (குளூட்டன்) தானாகவே பின்னத் தொடங்குகிறது. அதன்பின் 10 கிராம் உப்புச் சேர்த்து இரண்டாம் வேகத்தில் 5, 6 நிமிடம். நிறுத்தி ஓர் எலுமிச்சை அளவு மாவை எடுத்து விரல்களால் விரித்துப் பாருங்கள். கிழியாமல் மெல்லிய சவ்வாக வந்தால் போதும். முழுக்கோதுமையில் மைதா அளவுக்குக் கண்ணாடியாக வராது. தவிடு அங்கங்கே கீறும். அடுத்த ஈடு பிசைவதற்கு முன் அரை மணி நேரம் மெஷினை ஆறவிடுங்கள்.

வேகத்தைப் பற்றி: கிச்சன்எய்ட் தன் கையேட்டில் ஈஸ்ட் மாவை இரண்டாம் வேகத்தில்தான் பிசைய வேண்டும், மற்ற வேகங்களில் மெஷின் பழுதாகும் என்று சொல்கிறது. நாலில் வைத்தால் சீக்கிரம் பிசைந்துவிடும் என்பது தப்புக் கணக்கு. தலை குதிக்கும், கியர் அடி வாங்கும், மாவு சூடேறும். ‘சரி, ஒன்றிலேயே வைத்து மெதுவாகப் பிசைகிறேன்’ என்பதும் சரியில்லை. மோட்டாரைக் குளிர்விக்கும் விசிறி அதே தண்டில்தான் இருக்கிறது. பாரம் ஏறி, வேகம் குறைந்தால் காற்றும் குறையும்.

மாவு சூடேறினால் ரொட்டியும் கெடும். பிசைந்து முடித்த மாவு 25 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 25-ஐ மூன்றால் பெருக்கினால் 75. அதிலிருந்து உலர் மாவின் சூடு, அறையின் சூடு, பிசையும் உரசலால் ஏறும் சூடு மூன்றையும் கழியுங்கள். உலர் மாவு 28, அறை 28, உரசலுக்கு 12 என்றால் மீதி 7. தண்ணீர் 7 டிகிரியில் இருக்க வேண்டும், அதாவது ஃபிரிட்ஜ் தண்ணீர். அந்த 12 மெஷினுக்கு மெஷின் மாறும். ஒரு தடவை பிசைந்து முடித்ததும் பிசைந்த மாவின் சூட்டை அளந்து மூன்றால் பெருக்கி, உலர் மாவு, அறை, தண்ணீர் மூன்றின் சூட்டையும் கழித்தால் உங்கள் மெஷினுக்கான எண் வந்துவிடும். குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் வாரா வாரம் 2 கிலோ மாவு பிசையத்தான் வேண்டுமென்றால், உங்களுக்குத் தேவை வேறு ரக மெஷின். பீட்டர் தன்னைத்தானே சுற்றிக்கொண்டு பவுலையும் வலம் வரும் ‘கிரக’ அமைப்பு, ஹோபார்ட் கம்பெனியின் ஹெர்பர்ட் ஜான்ஸ்டன் என்ற பொறியாளரிடமிருந்து வந்தது. 1919-இல் கிச்சன்எய்டாக வீட்டுக்குள் நுழைந்தது. கேக், க்ரீம், மாவு எல்லாவற்றையும் ஒரே மெஷின் செய்ய வேண்டும் என்றால் இது சரி. மாவு மட்டும்தான் என்றால் பவுல் சுற்றும் மெஷின்களே கெட்டிக்காரர்கள். 1940-இல் ஸ்வீடனில் வந்த அசிஸ்டென்ட், இப்போது அங்கர்ஸ்ரம் என்ற பெயரில் விற்பது, அப்படிப்பட்டது: பவுல் சுழல, ஒரு ரோலர் மாவைச் சுவரோடு அழுத்திப் பிசைகிறது. ரொட்டிக் கடைகளில் இருக்கும் ஸ்பைரல் மிக்ஸரின் சிறிய வீட்டு மாடல்களும் கிடைக்கின்றன. அவற்றில் மாவு குறைவாகவே சூடேறும். ஆனால் அதில் கேக் க்ரீம் அடிக்கலாம் என்று நினைக்காதீர்கள்.

கேள்வி: பவுல் அடியில் வெண்ணெய் அப்படியே ஒட்டிக்கொண்டு கலக்காமல் நிற்கிறது. பீட்டர் தரம் சரியில்லையோ?

பதில்: உயரம் சரியில்லை. காலிப் பவுலில் ஒரு நாணயத்தைப் போட்டு, தட்டைப் பீட்டரை மாட்டி, மிகக் குறைந்த வேகத்தில் ஓட்டுங்கள். பீட்டர் ஒவ்வொரு முறை கடக்கும்போதும் நாணயம் சுமார் 1 செ.மீ. நகர்ந்தால் உயரம் சரி. நாணயம் அசையவே இல்லையென்றால் பீட்டர் மேலே நிற்கிறது. விடாமல் தள்ளிக்கொண்டே சுற்றினால், அல்லது உரசும் சத்தம் வந்தால், ரொம்பக் கீழே இருக்கிறது. கொஞ்ச நாளில் பீட்டரின் பூச்சு பெயர்ந்து மாவில் விழும்.

கிச்சன்எய்ட் சாய்க்கும் மாடலில் தலையைத் தூக்கினால் கழுத்துப் பகுதியில் ஒரு திருகு தெரியும். வலப்பக்கம் திருப்பினால் பீட்டர் இறங்கும், இடப்பக்கம் திருப்பினால் ஏறும். கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருப்பாதீர்கள். ஒவ்வொரு முறையும் நாணயத்தை ஓட்டிப் பாருங்கள். கென்வுட் கம்பெனி மெஷினில் பீட்டரின் தண்டிலேயே ஒரு நட் இருக்கும். அதைத் தளர்த்தி உயரத்தை மாற்றி இறுக்க வேண்டும்.

கேள்வி: ஆறு மாதம் தொடாமல் வைத்திருந்த மிக்ஸரை எடுத்து ஓட்டினால் பழுப்பு நிற எண்ணெய் க்ரீமில் சொட்டிவிட்டது. மெஷின் போச்சா?

பதில்: க்ரீம் போச்சு, அதைக் கொட்டிவிடுங்கள். மெஷின் போகவில்லை. ஓடாமல் கிடக்கும் கிரீஸில் எண்ணெய் தனியாகப் பிரிந்து கீழே இறங்கும். துடைத்துவிட்டு, பவுலில் எதுவும் இல்லாமல் உச்ச வேகத்தில் 2 நிமிடம் ஓட்டினால் பெரும்பாலும் மறுபடி கலந்துவிடும். அப்படியும் சொட்டினால் கிரீஸ் மாற்றும் காலம் வந்துவிட்டது. மாதம் ஒரு தடவையாவது ஓட்டிவிடுங்கள்.

கேள்வி: பாத்திரம் கழுவும் மெஷினில் போட்ட பீட்டர் கறுத்து, தொட்டால் கையில் சாம்பலாக ஒட்டுகிறது.

பதில்: அலுமினியம். காரமான சோப்புத்தூள் அதன் மேல்தோலை அரித்துவிட்டது. எலுமிச்சைச் சாறு போட்டுத் தேய்த்தால் கொஞ்சம் போகும், மறுபடி வரும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பீட்டருக்கு மாறிவிடுங்கள். விஸ்க்கின் கம்பிகள் ஸ்டீலாக இருந்தாலும் கொண்டை அலுமினியமாக இருக்கலாம். வாங்கும்போது அதையும் கேளுங்கள்.

கேள்வி: வெளிநாட்டிலிருந்து உறவினர் 120 வோல்ட் மிக்ஸர் கொண்டுவருகிறார். எங்கள் வீட்டில் 230 வோல்ட். டிரான்ஸ்ஃபார்மர் வைத்து ஓட்டலாமா?

பதில்: ஓட்டலாம், நேரடியாகச் செருகிவிடாத வரை. பிரஷ் வைத்த மோட்டாருக்கு 50, 60 ஹெர்ட்ஸ் வித்தியாசம் பெரிதில்லை, வோல்டேஜ்தான் முக்கியம். டிரான்ஸ்ஃபார்மர் மெஷினின் வாட்ஸைப்போல் இரண்டு மடங்காவது தாங்க வேண்டும்: 325 வாட்ஸ் மிக்ஸருக்கு 750. பயணத்துக்கென்று விற்கும் கையடக்க கன்வர்ட்டர் ஆகாது. மின்சார அலையை வெட்டிக் கொடுக்கும் அது, மிக்ஸரின் வேகக் கட்டுப்பாட்டைக் குழப்பும். வாரண்டி நாடு மாறினால் பெரும்பாலும் செல்லாது என்பதையும் கணக்கில் சேருங்கள்.

கேள்வி: பழைய மிக்ஸர் வாங்க என்னென்ன பார்க்க வேண்டும்?

பதில்: பேசுவதற்கு முன் அடித்தகட்டில் மாடல் எண்ணைப் பார்த்து, அதற்கு உதிரிபாகம் கிடைக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் அங்கேயே விட்டுவிடுங்கள், சும்மா கொடுத்தாலும்.

பிறகு எல்லா வேகத்திலும் ஓட்டுங்கள். வேகம் ஏறி இறங்கி மூச்சு வாங்கினால் கட்டுப்பாட்டு போர்டு சந்தேகம். காற்றுத் துவாரம் வழியே பாருங்கள்: சின்ன நீலப் பொறி இயல்பு, வளையமாக ஆரஞ்சுத் தீ தெரிந்தால் பிரஷ் தேய்ந்திருக்கிறது, அல்லது மோட்டாரின் செம்பு வளையமே கெட்டிருக்கிறது. பிரஷ் மலிவு, வளையம் அப்படியில்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பீட்டர் மாட்டும் தலையைக் கையால் பிடித்து ஆட்டுங்கள். பக்கவாட்டில் துளி ஆட்டம் இருந்தால் அது கியர்ப் பற்களின் இடைவெளி, பரவாயில்லை. மேலும் கீழும் ஆடினால் பேரிங் போயிருக்கிறது.

கடைசியாக, 500 கிராம் மாவும் 300 மில்லி தண்ணீரும் கையோடு கொண்டுபோய் ஐந்து நிமிடம் பிசையச் சொல்லுங்கள். காலியாக ஓட்டிக்காட்டினால் எல்லா மெஷினும் ராஜாதான். தலை சூடாவது இயல்பு. மோட்டார் கம்பியின் வார்னிஷ் கருகும் வாடை வந்தால் கும்பிடு போட்டுவிட்டு வாருங்கள்.

ஹோபார்ட் பெயர் பொறித்த பழைய கிச்சன்எய்டுகளுக்குத் தனி மவுசு உண்டு. 1986-இல் அந்தத் தொழில் வேர்ல்பூல் கைக்குப் போனது. பழையது எல்லாம் தங்கம், புதியது எல்லாம் தகரம் என்பது மிகை. பெயருக்காகக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள், நிலைமைக்காகக் கொடுங்கள்.

கேள்வி: மாதத்தில் இரண்டு கேக், எப்போதாவது குக்கீஸ். எனக்கு எது நல்லது?

பதில்: ஹேண்ட் மிக்ஸர். வெண்ணெய் 18 முதல் 20 டிகிரிக்குள் இருந்தால் அதிலேயே சர்க்கரையோடு நாலைந்து நிமிடத்தில் வெளுத்துப் பொங்கிவிடும்; இளகி மின்ன ஆரம்பித்துவிட்டால் எந்த மெஷினாலும் அதற்குள் காற்றை அடக்க முடியாது. எப்போதாவது ரொட்டி ஆசை வந்தால், 70 சதவீதத் தண்ணீரில் கரண்டியால் கலந்து, அரை மணிக்கொரு தடவை நாலு பக்கமும் இழுத்து மடித்து, நாலு முறை செய்யுங்கள், பிசையவே தேவையில்லை. ஹேண்ட் மிக்ஸரோடு வரும் அந்த இரண்டு சுருள் கம்பிகளை நம்பி மட்டும் ரொட்டி மாவில் இறங்காதீர்கள். 300 கிராம் மாவுக்கே கைப்பிடி சுடும்.